தேள் சின்னம் தந்த மனிதர் – கார்லோ அபார்த்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம் பாட்டிமார் வாக்கு. அந்தக் கடுகுக்கு நாலு சக்கரம் மாட்டி ரேஸில் ஓடவிட்டவர் ஒருவர் இருந்தார். பெயர் கார்லோ அபார்த். ஆஸ்திரியாவில் பிறந்தவர், இத்தாலியில் பேர் வாங்கியவர், 1979-ல் மறைந்தவர். அவர் வாழ்க்கையை இந்த மலரின் வழியாக நம் பழைய நண்பர்களுக்கும், இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கார் பைத்தியம் பிடித்தவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம்மில் எத்தனையோ பேர் படிப்பு முடிந்த கையோடு ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின் வைத்துப் பட்டறை ஆரம்பித்தவர்கள்தான். பெரிய கம்பெனிக்கு ஜாப் ஆர்டர் செய்துகொடுத்துப் பிழைப்பு நடத்தியவர்கள்தான். அங்கே இருக்கும் பர்ச்சேஸ் ஆபீசர் முகம் சுளித்தால், அடுத்த மாதச் சம்பளத்துக்கு என்ன செய்வது என்று நமக்குத் தூக்கம் போய்விடும். அபார்த்தும் அந்தக் கவலையோடுதான் 22 வருடம் தொழில் நடத்தினார். அவர் நம்பியிருந்த பெரிய கம்பெனியின் பெயர் ஃபியட். அந்த மலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை போட்டு, அதன் நிழலில் மறைந்துபோகாமல் தன் பெயரை எப்படி நிலைநாட்டினார் என்பதுதான் விஷயம்.

மரச்சக்கரமும் தோல் வாரும்

1908 நவம்பர் 15-ஆம் தேதி வியன்னாவில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கார்ல். மேலைநாட்டுக் கணக்குப்படி விருச்சிக ராசி. பின்னாளில் தன் கம்பெனிக்குத் தேளைச் சின்னமாக வைத்ததற்கு அந்த ராசிதான் காரணம்.

சிறுவயதுக் கதை ஒன்று சொல்வார்கள். ஒரு காலை வைத்து மறு காலால் உந்தி ஓட்டும் மர ஸ்கூட்டரில் தெருப் பிள்ளைகளோடு போட்டி. மற்றவர்கள் இவனைவிடப் பெரியவர்கள். பையன் யோசித்தான். ஒரு தோல் வாரை எடுத்து மரச்சக்கரத்தைச் சுற்றிக் கட்டினான். சக்கரத்துக்குப் பிடிப்பு வந்தது, வண்டி முந்தியது. கதையில் எத்தனை பங்கு நிஜமோ, ஆனால் அவர் பின்னால் செய்த வேலை முழுக்க இந்த வகைதான். இருக்கிற வண்டியை எடுத்துக்கொள், அது எந்த இடத்தில் தோற்கிறது என்று பார், அந்த இடத்தில் மட்டும் கையை வை.

பதினாறு, பதினேழு வயதிலேயே வேலைக்குப் போனார். இத்தாலியில் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சட்டம் வடிவமைக்கும் வேலை. பிறகு வியன்னா திரும்பி மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் மெக்கானிக். 1928-ல் ரேஸில் ஓட்டத் தொடங்கினார். சீக்கிரமே ஜெயிக்கவும் தொடங்கினார். அடுத்த ஆண்டே தன் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிளும் செய்துபார்த்தார்.

இரண்டு விபத்துகள்

1930-ல் லின்ஸ் நகரில் பெரிய விபத்து. எழுந்து வந்தவர் இரு சக்கரத்தை விட்டுவிட்டு சைடுகார் வண்டிக்கு மாறினார். அதிலும் சும்மா இருக்கவில்லை. அந்த நாளில் ஐரோப்பாவின் பெருமையாக இருந்தது ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயில். 1934-ல் வியன்னாவிலிருந்து பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் துறைமுகம் வரையிலான வழியில், சுமார் 1,300 கிலோமீட்டர் தூரத்துக்கு, அந்த ரயிலோடு சைடுகார் வண்டியில் போட்டி போட்டு முந்திக் காட்டினார். அன்றைய சாலைகளையும் டயர்களையும் நினைத்துப் பார்த்தால்தான் அது என்ன காரியம் என்று புரியும்.

1930-களின் கடைசியில் யுகோஸ்லாவியாவின் லுப்லியானா நகரில் இரண்டாவது விபத்து. இது முதல் விபத்தைவிட மோசம். நெடுநாள் ஆஸ்பத்திரிவாசம். ரேஸ் ஓட்டும் வாழ்க்கை அதோடு முடிந்தது. அதற்குள் உலகப் போர் மூண்டுவிட, போர்க்காலத்தை அங்கேயே கழிக்க வேண்டியதாயிற்று. போர் முடிந்து வெளியே வந்தபோது வயது 37-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் சொத்து இல்லை, ஓட்டுவதற்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை, சொந்த ஊர் வியன்னாவோ வெற்றி பெற்ற நாடுகளின் படைகள் வசம். தந்தை வழியில் தொடர்புள்ள வட இத்தாலியின் மெரானோ ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். கார்ல் என்ற பெயர் கார்லோ ஆனது. நம்மில் பலர் வேலை கிடைத்து, கல்யாணம் ஆகி, ஊரில் நிலைத்துவிடும் வயதில், அவர் வேற்று நாட்டில் வேறு பெயரோடு முதல் படியில் நின்றார்.

மூழ்கிய கப்பலின் பலகை

அவருக்கு ஒரு பழைய பழக்கம் கைகொடுத்தது. ஃபெர்டினாண்ட் போர்ஷே குடும்பத்தோடு அவருக்குத் தொடர்பு உண்டு. அப்போது டூரின் நகரில் பியரோ டூசியோ என்ற தொழிலதிபர் சிசிதாலியா என்ற ரேஸ் கார் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். போர்ஷே குழுவுக்கும் டூசியோவுக்கும் நடுவே நின்று பேசி முடித்தவர்களில் அபார்த்தும் ஒருவர். சிசிதாலியாவின் ரேஸ் பிரிவும் அவர் பொறுப்புக்கு வந்தது.

சிசிதாலியாவின் சின்ன ரேஸ் கார்கள் ஃபியட் 1100 எஞ்சினை அடிப்படையாகக் கொண்டவை. இங்கே நம்ம ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம். பம்பாயில் பிரீமியர் கம்பெனி தயாரித்து, 1970-களிலிருந்து பத்மினி என்ற பெயரில் நம் தெருக்களில் ஓடிய வண்டியில் இருந்ததே 1089 சி.சி. எஞ்சின், அது இந்த வம்சம்தான். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களில் ஃபியட் வண்டிகள் சீறிக்கொண்டு போனதை நம் மூத்த மாணவர்களில் சிலர் பார்த்திருப்பார்கள். அந்த எஞ்சினுக்குள் எவ்வளவு சக்தி ஒளிந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

டூசியோவுக்குச் சின்ன கார்கள் போதவில்லை. உலகத்தின் பெரிய கிராண்ட் பிரீ பந்தயத்தில் இறங்க ஆசைப்பட்டார். 12 சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் ஏற்பாடு என்று போர்ஷே குழு வரைந்த அற்புதமான கார் அது. அற்புதத்துக்கு விலையும் உண்டல்லவா? பணம் தண்ணீராய்ப் போயிற்று, கம்பெனி நொடித்தது, டூசியோ அர்ஜென்டினா போய்விட்டார். அபார்த்துக்கு வரவேண்டிய பாக்கிக்குப் பணத்துக்குப் பதில் சில கார்களும் கொஞ்சம் உதிரி பாகங்களும் கிடைத்தன.

அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினார். 1949 மார்ச் 31 அன்று, ஸ்காலியாரினி என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, அபார்த் அண்ட் கம்பெனி பிறந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சிசிலித் தீவில் மோன்டே பெல்லெக்ரினோ மலையேற்றப் பந்தயம். அபார்த் 204 காரை ஓட்டியவர் டாட்சியோ நுவோலாரி. ஐரோப்பிய ரேஸ் உலகம் கைகூப்பிய அந்த மாவீரர், வயதும் நோயும் வாட்டிய நிலையில், தன் பிரிவில் முதலாவதாக வந்தார். அதுதான் நுவோலாரியின் கடைசிப் பந்தயம். புதுக் கம்பெனிக்கு அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் வேறு என்ன வேண்டும்?

சைலன்சர் போட்ட சோறு

ஆசீர்வாதம் சரி, சம்பளம் யார் கொடுப்பது? ரேஸில் கிடைக்கும் கோப்பையை வைத்து அரிசி வாங்க முடியாது. இந்த இடத்தில்தான் அபார்த்தின் வியாபார புத்தியைப் பார்க்கிறோம்.

சின்ன ஃபியட் வைத்திருப்பவன் ஆயிரக்கணக்கில் இருக்கிறான். அவனுக்கு ரேஸ் கார் வாங்க வசதி கிடையாது, ஆனால் ரேஸ் ஓட்டுகிற மாதிரி ஒரு சந்தோஷம் வேண்டும். அவனுக்கு என்ன விற்கலாம்? முதலில் கியர் லிவர் மாதிரியான சில்லறைப் பொருட்கள் வந்தன. பிறகு வந்தது சைலன்சர். அதுதான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது.

சாதாரண சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கும். புகை அவற்றில் முட்டி மோதி, வளைந்து வெளியே வரும். சத்தம் குறையும், ஆனால் புகை முழுசாக வெளியேறாமல் எஞ்சினையே பின்னுக்குத் தள்ளும். அபார்த் சைலன்சரில் குழாய் ஏறக்குறைய நேராகப் போகும். சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள், அதைச் சுற்றிக் கண்ணாடி நார்ப் பஞ்சு. சத்தத்தைப் பஞ்சு குடித்துக்கொள்ளும், புகை தடையில்லாமல் ஓடும். எஞ்சினுக்கு மூச்சு விடுவது சுலபமானது. சத்தமும் செத்துப்போகவில்லை, கனமான, இளைஞர்களுக்குப் பிடித்த ஒரு உறுமலாக மாறியது. மங்கிய கறுப்பு நிறம், பளபளக்கும் முனை, மேலே தேள் சின்னம். ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்த்தான்.

1960-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் சைலன்சர் வரை விற்றார்கள். பெரும்பகுதி வெளிநாடுகளுக்குப் போனது. சுமார் 375 பேர் வேலை செய்தார்கள். கோப்பைகள் பெயரைக் கொடுத்தன, சைலன்சர் சோறு போட்டது. சைலன்சரில் வந்த காசு ரேஸுக்குப் போனது. ரேஸில் வந்த பெயர் சைலன்சரை விற்றது. தொழில் நடத்துகிற நண்பர்கள் இந்த வட்டத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

மரப்பெட்டிக்குள் ஒரு ரேஸ் கார்

1955-ல் ஃபியட் 600 வந்தது. எஞ்சின் பின்பக்கம், 633 சி.சி., சக்தி 21 குதிரைசக்தியை ஒட்டி. குடும்பத்தோடு கோயிலுக்கும் கடைக்கும் போகிற வண்டி. அபார்த் கண்ணுக்கு மட்டும் அது வேறு மாதிரி தெரிந்தது.

கணக்கைப் பாருங்கள். சிலிண்டரின் விட்டம் 60 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 56 மில்லிமீட்டர். அபார்த் விட்டத்தை 61 ஆக்கினார். ஒரே ஒரு மில்லிமீட்டர்தான். பிஸ்டன் ஓடும் தூரத்தைப் புது கிராங்க் போட்டு 64 ஆக்கினார். 633 சி.சி. எஞ்சின் 747 சி.சி. ஆனது. கூடவே கம்ப்ரெஷனைக் கூட்டி, பெரிய கார்புரேட்டர், வேறு கேம்ஷாஃப்ட், தன் சைலன்சர் எல்லாம் மாட்டியதும் சக்தி 40-ஐத் தாண்டியது. ஏறக்குறைய இரட்டிப்பு! வெளியே பார்த்தால் அதே கோயிலுக்குப் போகிற வண்டி.

முழு காராக வாங்க முடியாதவனுக்கு, வேண்டிய பாகங்களையெல்லாம் ஒரு மரப்பெட்டியில் அடுக்கி விற்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு போய் உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒரு பெரிய தொழிற்சாலைக்கு மட்டுமே சாத்தியம் என்று நினைத்த ஒன்றை, பெட்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகும்படி செய்தவர் அவர்.

ஏழு நாள், ஏழு இரவு

1957-ல் ஃபியட் 500 வந்தது. 479 சி.சி., காற்றில் குளிரும் இரண்டு சிலிண்டர், 13 குதிரைசக்தி, மணிக்கு 85 கிலோமீட்டர் வேகம். பார்க்க அழகு, ஆனால் ஆரம்பத்தில் விற்பனை மந்தம். இவ்வளவு சின்ன எஞ்சின் தாங்குமா என்று மக்களுக்குச் சந்தேகம்.

அபார்த் தான் கைவைத்த ஒரு 500-ஐ 1958 பிப்ரவரியில் மோன்ஸா ஓடுபாதைக்குக் கொண்டுபோனார். மிலான் நகருக்குப் பக்கத்தில், நல்ல குளிர்காலம். ஓட்டுநர்கள் மாறி மாறி உட்கார, வண்டி 168 மணி நேரம் ஓடியது. ஏழு நாள், ஏழு இரவு. 18,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, சராசரி வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர் என்று கணக்கு வந்தது. கடையில் விற்கிற 500-ன் உச்ச வேகத்தைவிட இந்தச் சராசரி அதிகம்! ஆறு சர்வதேசச் சாதனைகள் அந்த ஒரே ஓட்டத்தில்.

ஃபியட் கம்பெனியே செய்ய முடியாத விளம்பரத்தை இந்தச் சின்னப் பட்டறை செய்து கொடுத்தது. ஃபியட்டுக்கும் புரிந்தது. ஃபியட் பெயரோடு ஓடி ஜெயித்தால் ஒவ்வொரு வெற்றிக்கும், சாதனைக்கும் இவ்வளவு பணம் என்று ஒப்பந்தம் ஆனது. ஜெயித்தால்தான் காசு. தோற்றவனுக்கு யாரும் பில் பாஸ் பண்ண மாட்டார்கள். அதனால்தான் அபார்த் ஏதோ ஒரு பெரிய பந்தயத்தை மட்டும் நம்பவில்லை. மலையேற்றம், உள்ளூர்ப் பந்தயம், சின்ன எஞ்சின் பிரிவு என்று வாரா வாரம் எங்கே போட்டியோ அங்கே தேள் சின்னம் நின்றது.

நூறு சி.சி.க்கு ஒரு பெயர்

1963-ல் வந்தது 595. பெயரே எஞ்சினின் அளவுதான், 594 சி.சி. 500-ன் சிலிண்டர் விட்டத்தை 67.4-லிருந்து 73.5 மில்லிமீட்டர் ஆக்கினார். 18 குதிரைசக்தி 27 ஆனது, வேகம் 120-ஐத் தொட்டது. அடுத்த ஆண்டு 695. அதன் உயர்ந்த ரகமான 695 எஸ்.எஸ். 690 சி.சி.யில் 38 குதிரைசக்தி கொடுத்தது. மணிக்கு 140 கிலோமீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் ஒரு அளவுகோல் உண்டு. 1983-ல் நம் நாட்டில் வந்த முதல் மாருதி 800-ன் 796 சி.சி. எஞ்சின் 40-க்குள்தான் கொடுத்தது. அதற்கு இருபது வருடம் முன்னாலேயே, அதைவிடச் சின்ன எஞ்சினில் அபார்த் அதே சக்தியைக் கறந்துவிட்டார்.

இப்படிப்பட்ட கார்கள் ஏன் கொஞ்சம் எண்ணிக்கையில் மட்டும் வருகின்றன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. காரணம் ரேஸ் விதி. கடையில் விற்கிற கார்களுக்கான பந்தயத்தில் ஒரு காரை இறக்க வேண்டுமானால், அந்த மாதிரியில் இத்தனை கார் செய்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. சில பிரிவுக்கு நூறு, சில பிரிவுக்கு ஆயிரம். ஆகவே பந்தயத்தில் ஓட்டுவதற்காகச் செய்த எஞ்சினையும் பிரேக்கையும் அந்த எண்ணிக்கை அளவுக்காவது பொதுமக்களுக்கும் விற்க வேண்டும். ரேஸில் பிறந்து வீட்டு வாசலுக்கு வந்த கார்கள் அவை. 1960-ல் போர்ஷே கம்பெனிக்காக அபார்த் செய்த எடை குறைந்த 356 கார்கள் சுமார் இருபதுதான். அதுவே லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலிடம் பெற்றது.

600 வம்சத்தில் 1961-ல் 850 டி.சி. வந்தது, பிறகு 1000. இவற்றை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். பின்பக்க எஞ்சின் மூடி மூடாமல் தூக்கியபடி நிற்கும். எஞ்சின் சூடு வெளியேறத்தான் முதலில் அப்படித் திறந்து வைத்தார்கள். பிறகு பார்த்தால் வண்டியின் பின்னால் காற்று ஓடுவதற்கும் அது அனுகூலமாக இருந்தது. முன்பக்க பம்பர் இருந்த இடத்தில் ரேடியேட்டரை மாட்டினார்கள். அழகு பார்க்கவில்லை, வேலை நடக்கிறதா என்று பார்த்தார்கள். 1965 தொடங்கி ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பின் சின்ன எஞ்சின் பிரிவை இந்த வண்டிகள் பலமுறை வென்றன. 1970-ல் அந்தக் குடும்பத்து 982 சி.சி. எஞ்சின் 110 குதிரைசக்தியைத் தாண்டியது. 21-ல் தொடங்கிய வம்சம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆப்பிள் சாப்பிட்ட முதலாளி

ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1965 அக்டோபர் 20. மோன்ஸாவில் கம்பெனியின் நூறாவது சாதனைக்கு ஏற்பாடு. ஒற்றை ஆள் உட்காரும், மிக ஒடுங்கிய கார். ஓட்டியவர் அபார்த்தே! 57-ஆவது வயது நடந்துகொண்டிருந்தது. ஆள் நல்ல உயரம், நல்ல பருமன். அந்தக் குறுகிய இருக்கைக்குள் நுழைவதற்காகவே ஆப்பிளை முக்கிய ஆகாரமாக வைத்துக்கொண்டு 30 கிலோ எடை குறைத்தார் என்பது பிரசித்தம். நின்ற இடத்திலிருந்து கிளம்பி கால் மைல், 500 மீட்டர் தூரங்களைக் கடக்கும் வேகத்தில் சாதனை படைத்தார். லுப்லியானாவில் ரேஸ் வாழ்க்கை முடிந்தது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த உடம்பு அது. கணக்கு அன்றோடு நிற்கவில்லை. அபார்த் பெயரில் மொத்தம் 133 சர்வதேசச் சாதனைகள் பதிவாகியிருக்கின்றன.

பெயர் கைமாறிய கதை

ஏறியவர் இறங்கிய கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மலர் என்பதற்காக மாலை மட்டும் போட்டால் படிக்கிற பிள்ளைகளுக்கு என்ன பிரயோஜனம்?

ஃபியட்டை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. பிரான்ஸின் சிம்கா கம்பெனியோடு சேர்ந்து சில கார்கள் செய்தார். சிம்கா அமெரிக்க கிரைஸ்லர் கைக்குப் போனபின் அந்த உறவு நிலைக்கவில்லை. இன்னொரு பக்கம், சின்ன எஞ்சின் வித்தகர் என்ற பெயர் போதாது என்று பெரிய ஸ்போர்ட்ஸ் கார்களில் இறங்கினார். 1967-ல் 12 சிலிண்டர், 6 லிட்டர் எஞ்சின் ஒன்றைத் தயார் செய்தார்கள். 1968 முதல் அந்த வகைப் பந்தயத்தில் 3 லிட்டருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. இவ்வளவு உழைப்பும் பந்தயத்தில் இறங்காமலே முடங்கியது. டூசியோவைக் கவிழ்த்த அதே ஆசைதான். அதை அருகிலிருந்து பார்த்தவரையும் அது விடவில்லை.

செலவு ஏறிக்கொண்டே போக, 1971-ல் கம்பெனியை ஃபியட்டிடமே விற்றார். ரேஸ் குழுவை என்சோ ஒசெல்லா எடுத்துக்கொண்டார். தேள் சின்னம் ஃபியட்டின் சொத்தானது. அபார்த் கொஞ்ச நாளில் பிறந்த ஊரான வியன்னாவுக்கே திரும்பினார். அவர் பெயர் தாங்கிய ஃபியட் 131 அபார்த் 1977, 1978, 1980 என்று மூன்று முறை உலக ராலி சாம்பியன் பட்டத்தைத் தயாரிப்பாளருக்கு வாங்கிக் கொடுத்தது. முதல் இரண்டை அவர் உயிரோடிருந்து கேட்டார். மூன்றாவதைக் கேட்க அவர் இல்லை. 1979 அக்டோபர் 24 அன்று, 71 வயது நிறைய மூன்று வாரம் இருக்கும்போது, வியன்னாவில் காலமானார்.

திரும்பி வந்த தேள்

பல வருடம் வெறும் ஒட்டுச் சின்னமாகக் கிடந்த அந்தப் பெயரை ஃபியட் 2007-ல் தூசி தட்டி எடுத்தது. 2014-ல் வந்தது 695 பிபோஸ்டோ. இத்தாலிய மொழியில் பிபோஸ்டோ என்றால் இரண்டு இருக்கை. சின்ன காரின் பின் சீட்டைக் கழற்றிவிட்டார்கள், ஏ.சி. இல்லை, ரேடியோ இல்லை. 1.4 லிட்டர் டர்போ எஞ்சின், 190 குதிரைசக்தி, மொத்த எடை 997 கிலோ. நூறு கிலோமீட்டர் வேகத்தை 5.9 விநாடியில் தொடும். ரேஸ் கார்களில் மட்டும் இருக்கும் வகை கியர்பாக்ஸையும் கூடுதல் காசுக்கு மாட்டித் தந்தார்கள். அதில் ரெக்கார்ட் என்ற சிறப்பு வகையை 133 கார்களோடு நிறுத்திக்கொண்டார்கள். ஏன் 133 என்பது இந்தக் கட்டுரையைப் படித்த உங்களுக்குத் தெரியும். அந்தப் பழைய சாதனைகளின் எண்ணிக்கைதான்.

2022-ல் மின்சார அபார்த்தும் அறிமுகமானது. அதில் புகையும் இல்லை, புகைக்குழாயும் இல்லை. ஆனாலும் பழைய சைலன்சரின் உறுமலை ஸ்பீக்கர் வழியாக வெளியே கேட்கச் செய்யும் கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். சைலன்சர் விற்றுப் பிழைத்த மனிதரை நினைவு வைத்துக்கொள்ள இதுவும் ஒரு வழி போலும்.

மாணவ நண்பர்களுக்கு

அபார்த் காரைக் கண்டுபிடிக்கவில்லை. எஞ்சினைக் கண்டுபிடிக்கவில்லை. அடுத்தவன் செய்த சாதாரண வண்டியை மதித்தார். அதற்குள் என்ன பாக்கி இருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் தேடினார். கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் பழைய எஞ்சினைப் பிரித்துப் போடும்போது அலட்சியமாகப் பார்க்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் விட்டத்திலும், எட்டு மில்லிமீட்டர் ஓட்டத்திலும் ஒரு மனிதருடைய பெயர் எழுந்து நின்றிருக்கிறது.

பட்டறை நடத்தும் பழைய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய கம்பெனியின் ஆர்டரை நம்பித்தான் நாம் வாழ்கிறோம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அவரும் அப்படித்தான் வாழ்ந்தார். ஆனால் ஆர்டருக்கு வெளியே, நேராக ஜனங்களுக்கு விற்க, நம் சின்னம் பொறித்த ஒரு பொருளாவது நம் கையில் இருக்க வேண்டும். அவருக்கு அது சைலன்சர். அது சோறு போட்ட வரைக்கும் அவர் யாருக்கும் தலைவணங்க வேண்டியிருக்கவில்லை. அதன் வருமானம் தாங்காத கனவை அவர் தூக்கிக்கொண்டபோதுதான் பட்டறையின் சாவி கைமாறியது. நமக்கான சைலன்சர் எது என்று அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடமிருந்தும் சொந்தச் சின்னம் பொறித்த பொருட்கள் நிறைய வரட்டும். அடுத்த சந்திப்பில் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துப் பேசுவோம்.

வளர்க நம் கல்லூரி! வாழ்க நம் நட்பு!